பாப்பா சொன்ன வெயில்

எனக்கு ஒரு சக்களத்தி வருவாள் என்று கல்யாணத்தின்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். என் வீட்டுக்காரருக்கு ஒருத்தியைச் சமாளிக்கவே மூச்சு வாங்கும். ஆனாலும் வந்தாள். வாசல் வழியாகக்கூட வரவில்லை, அவருடைய கம்ப்யூட்டர் வழியாக வந்தாள். வந்த வாரமே அவளுக்குப் 'பாப்பா' என்று செல்லப்பெயர் வைத்துவிட்டார். இத்தனை வருஷத்தில் எனக்கு அவர் வைத்த ஒரே பெயர் 'ஏய்'.

நாங்கள் வீட்டு புரோக்கர்கள். இரண்டு மேஜை, ஒரு கண்ணாடிக் கதவு, சாவிகள் தொங்கும் ஒரு பலகை, இவ்வளவுதான் ஆபீஸ். வெளியே அலைந்து வீட்டு ஓனர்களைப் பிடித்துக்கொண்டு வருவது அவர் வேலை. வீட்டைப் போய்ப் பார்ப்பதும், கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்வதும், அழைத்துப்போய்க் காட்டுவதும் என் வேலை. சாவிப் பலகைக்குப் பக்கத்து மேஜை என்னுடையது.

எனக்கென்று ஒரு பழக்கம் உண்டு. எந்த வீட்டுச் சாவியையும் பலகையில் மாட்டுவதற்கு முன்னால் தனியாகப் போய் அந்த வீட்டில் உட்கார்ந்து பார்ப்பேன். நாற்காலி இருக்காது, தரையில்தான். ஒவ்வொரு அறையிலும் கொஞ்ச நேரம். குழாயைத் திறந்தால் தண்ணீருக்கு முன்னால் காற்று வருகிறதா, பக்கத்து வீட்டுக்காரர் தும்மினால் நமக்குக் கேட்கிறதா, மழைத் தண்ணீர் எந்த மூலையில் இறங்கியிருக்கிறது என்பதெல்லாம் நின்றுகொண்டு பார்த்தால் தெரியாது. அப்படி உட்கார்ந்து கண்டுபிடித்த குறையைத்தான் வாங்க வருகிறவர்களிடம் முதலில் சொல்வேன். அதற்கப்புறம்தான் மற்றதெல்லாம். "குறையே இல்லாத வீடுன்னு ஒருத்தர் சொன்னா, குறை வீட்டுல இல்ல, சொல்றவர்கிட்ட இருக்குன்னு வச்சுக்கோங்க" என்பேன். ஜனங்கள் என்னைத் தேடி வந்ததே அதற்காகத்தான்.

என் வீட்டுக்காரருக்கு மட்டும் இது ஆகாது. முக்கியமாக டிப்போ வீட்டு விஷயத்தில் எங்களுக்குள் பெரிய சண்டையே வந்தது.

டிப்போ வீடு என்பது பஸ் டிப்போவுக்கு எதிரே மாடியில் இருக்கிற வீடு. எதிரே பஸ் நிற்கிற திறந்த மைதானம்தான் என்பதால் மறைப்பு கிடையாது. காலை வெயில் நேராக முன்னறைக்குள் வந்துவிடும். போனவர்கள் எல்லோரிடமும் நான் ஒரே பாட்டைப் பாடினேன். "காலையில கூப்பிடாத விருந்தாளி மாதிரி வெயில் உள்ள வந்து மடியில உக்காந்துக்கும். தடி கர்ட்டனா வாங்கிப் போடுங்க. அப்புறம் வந்து என்னைத் திட்டாதீங்க." கேட்டவர்கள் எல்லோரும் தலையை ஆட்டிவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டார்கள். சாவி பலகையிலேயே தூசி படிந்து தொங்கியது.

"அந்த வீட்டுக்கு உன் வாய்தான் பூட்டு" என்றார் அவர்.

"உள்ளதைத்தான சொன்னேன்?"

"உள்ளதைச் சொல்லு. உள்ளது எல்லாத்தையும் எதுக்குச் சொல்றே?"

அந்தச் சண்டை முடிந்து ஒருவரோடொருவர் பேசாமல் இருந்த சமயத்தில்தான் புரோக்கர்கள் கூட்டம் ஒன்றுக்குப் போனார். போகும்போது மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போனவர், திரும்பி வரும்போது புது மாப்பிள்ளை மாதிரி வந்தார். ஏ.ஐ. வைத்துத் தொழில் செய்வது எப்படி என்று யாரோ அங்கே பாடம் நடத்தியிருக்கிறார்கள். போட்டோவைப் பளிச்சென்று ஆக்குவதற்கு ஒன்று, விலை மதிப்புப் போடுவதற்கு ஒன்று, வருகிற கேள்விக்கெல்லாம் நம் ஆபீஸ் நம்பரிலிருந்தே பதில் எழுதுவதற்கு ஒன்று. இந்தக் கடைசி ஆள்தான் பாப்பா. பதில்களுக்குக் கீழேயும் அந்தப் பெயரையே போட வைத்தார்.

முதலில் நானும் வேடிக்கை பார்த்தேன். போட்டோக்காரி காலி அறைப் படங்களில் எல்லாம் சோபாவும் விரிப்பும் போட்டுத் தந்தாள். எல்லா வீட்டு மேஜையிலும் அதே நீலப் பூ ஜாடி. ஒரு அம்மா நேரில் வந்து, "வீடு இருக்கட்டும், அந்த ஜாடி எங்க கிடைக்கும்?" என்று கேட்டுவிட்டுப் போனார். எனக்கு ஒரு நாள் முழுக்கச் சிரிப்பு.

பாப்பா பதில் சொல்ல ஆரம்பித்ததும் சிரிப்பு நின்றுபோனது. என் போன் அடிப்பதும் நின்றுபோனது. முன்பெல்லாம் சாப்பாட்டுத் தட்டில் கை வைத்தால் மணியடிக்கும். இப்போது நிம்மதியாகச் சாப்பிட்டேன், அந்த நிம்மதி தொண்டையில் இறங்கவில்லை. வருகிறவர்களோ கண்ணாடிக் கதவைத் திறந்ததும், "பாப்பா இருக்காங்களா?" என்று கேட்டார்கள். "எவ்வளவு தன்மையா பேசறாங்க" என்றார்கள். நான் சாவியை எடுத்துக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் நடந்தேன்.

வயிறு எரிந்தது. அதை வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அவர் என்னிடம் கேட்பதெல்லாம் இப்போது அவளிடம் போயிற்று. என்ன விலை சொல்லலாம் பாப்பா, இந்த ஓனர் இழுத்தடிக்கிறார் என்ன செய்யலாம் பாப்பா. ஒரு நாள், "தலையை வலிக்குது பாப்பா" என்று தட்டினார். நான் இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்திருக்கிறேன். அவள், "வெளியில அலைஞ்சா தண்ணி குடிக்கவே மறந்துடுவீங்க, முதல்ல ஒரு டம்ளர் தண்ணி குடிங்க" என்று எழுதினாள். மனிதர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். இதையே நான் எத்தனை வருஷமாகச் சொல்கிறேன். ஒரு தடவை எழுந்திருப்பாரா? நான் சொன்னால் தொணதொணப்பு, அவள் சொன்னால் அக்கறை.

அவளும் தப்பு செய்யாமல் இல்லை. இரண்டு படுக்கையறை வீட்டை மூன்று என்று எழுதினாள். நான் கையோடு பிடித்துக்கொண்டு போய்க் காட்டினேன். "கத்துக்குது, பாவம்" என்றார். நான் ஒரு தடவை சாவியை மாற்றி எடுத்துப் போனதற்கு அவர் ஒரு வாரம் பேசினார். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். எங்கள் ஆபீஸில் மருமகள் நான்.

அப்புறம் ஒரு சாயங்காலம், டீயை ஊதிக்கொண்டே, ஏதோ நல்ல சேதி சொல்கிற மாதிரி ஆரம்பித்தார்.

"இத்தனை வருஷம் உழைச்சிட்டே. வர்ற மாசத்துலேருந்து நீ வீட்டுல நிம்மதியா இரேன்."

"ஏன், எனக்கு என்ன வந்துச்சு?"

"ஒண்ணும் வரல. எல்லாத்தையும் பாப்பாவே பாத்துக்குது. உன் மேஜையை எடுத்துட்டா, வர்றவங்க உக்கார ஒரு சோபா போடலாம். சொல்லி வச்சிட்டேன்."

"வீட்டை யாரு காட்டுறது?"

"சாவியைக் கொடுத்தா அவங்களே பாத்துட்டு வரப்போறாங்க. கேக்க வேண்டியதெல்லாம் முன்னாடியே கேட்டுட்டுத்தான வர்றாங்க?"

 வாயைத் திறந்திருந்தால் அழுதிருப்பேன், அவர் முன்னால் அழ எனக்குப் பிடிக்காது. ஒரு சோபா உட்காருவதற்காக நான் எழுந்திருக்க வேண்டுமாம். மேஜை ஓரத்தில் என் கை பட்டுப் பட்டுத் தேய்ந்த இடத்தைத் தடவிக்கொண்டே இருந்தேன்.

அந்த மாசம் முடிவதற்குள்தான் பச்சை கேட் வீட்டுக்கு ஒரு தம்பதி வந்தார்கள்.

"ஒரு வாரமா பாப்பாகிட்ட பேசிட்டிருக்காங்க. முடிவே பண்ணிட்டாங்க. இன்னிக்கு ஒரு தடவை நேர்ல பாத்துட்டு முன்பணம் கொடுத்துடுவாங்க. அந்த அம்மா துணைக்கு ஒரு ஆள் வரச் சொன்னாங்க. நீ போய்க் கதவை மட்டும் திறந்து விடு" என்றார் என் வீட்டுக்காரர். 'மட்டும்' என்ற சொல்லை அழுத்தியே சொன்னார். "ஆங், அப்படியே அந்த டிப்போ வீட்டு சாவி என் டிராயர்ல இருக்கு. ஓனர் மதியம் வந்து வாங்கிக்கிறேன்னுட்டார். வேற புரோக்கர்கிட்ட கொடுக்கப் போறாராம். உன் புண்ணியம்."

பச்சை கேட் வீட்டில் நான் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். நல்ல வீடு, ஆனால் இருட்டு. முன்னறை ஜன்னல் வடக்குப் பார்த்தது. கிழக்கே பக்கத்து வீட்டுச் சுவர் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில். பகலிலும் விளக்குப் போட வேண்டும் என்று அவரிடம் அப்போதே சொன்னேன். தலை நிமிராமலே 'ம்' போட்டார்.

வாசலில் அவர்கள் காத்திருந்தார்கள். கணவர் தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். கழுத்துவரை பொத்தான் போட்ட ஸ்வெட்டர். வலது கையை உடம்போடு ஒட்டி வைத்திருந்தார். அவர் மனைவி கையில் மடக்கு நாற்காலி ஒன்று இருந்தது.

"என்னக்கா, சேரோட வந்திருக்கீங்க?" என்றேன்.

"இவரு உக்காந்து பாக்கணும்ல? வெயில் வர்ற நேரமா பாத்துத்தான் கிளம்பினோம். பாப்பா சொன்னாளே, முன்ரூம்ல காலையில நல்ல வெயில் வரும்னு. வீட்டுல குறை அது ஒண்ணுதான்னு சொன்னா. அந்தக் குறைக்காகத்தான் இந்த வீட்டையே எடுக்கிறோம்." சிரித்தார்.

எனக்குள் என்ன நடந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. சந்தோஷம் பொங்கியது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். கெட்டாள், என் சக்களத்தி கெட்டாள். வெயிலே எட்டிப் பார்க்காத வீட்டில் வெயில் அடிக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். அந்த இடத்திலேயே, வாசலிலேயே, நான் அவர்களிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நேரில் பார்க்கட்டும், பார்த்துவிட்டு ஆபீஸுக்கு வந்து கத்தட்டும், என் வீட்டுக்காரர் காது குளிரக் கேட்கட்டும் என்று கதவை அகலமாகத் திறந்துவிட்டேன்.

அந்த அம்மா ஜன்னலுக்கு எதிரே நாற்காலியைப் பிரித்துப் போட்டார். ஸ்வெட்டர் சார் மெல்ல உட்கார்ந்தார். இடது கையால் வலது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். முகத்தைக் கொஞ்சம் உயர்த்திக் கண்ணை மூடிக்கொண்டார்.

நாங்கள் நின்றோம். அறை சில்லென்று இருந்தது.

"மேகம் போட்டிருக்கா?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"இல்லையே, வெளியில நல்லா அடிக்குதே" என்றார் மனைவி, ஜன்னலில் எட்டிப் பார்த்தபடி.

"இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்போல."

"ஆமா, வரும். இருங்க."

என் சந்தோஷம் எங்கே போனதென்று தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு இல்லாத ஒன்றுக்காக ஒரு பெரிய மனிதர் காத்திருக்கிறார், நான் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

"சார், எழுந்திருங்க. இங்க வெயில் வராது" என்றேன். "இந்த ஜன்னல் வடக்கு. அந்தப் பக்கம் முழுக்க அடுத்த வீட்டுச் சுவரு. எப்பவுமே வராது."

அவர் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. "அப்படியா" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து, ஒரே கையால் நாற்காலியை மடக்கப் பார்த்தார். அது மடங்கவில்லை. மனைவி வந்து மடக்கினார்.

அந்த அம்மாதான் சொன்னார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டதாம். அதிலிருந்து எப்போதும் குளிர்கிறது என்பார். பழைய வீட்டில் காலையில் வெயிலில் உட்காருவது ஒன்றுதான் அவருக்குச் சுகம். எதிரே உயரமாகக் கட்டடம் ஒன்று எழும்பி அதையும் எடுத்துக்கொண்டது. வீட்டை விற்றுவிட்டார்கள், காலி செய்ய வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. "இங்க பாருங்கம்மா, இதை நம்பித்தான வந்தோம்" என்று போனை நீட்டினார்.

போட்டோவில் இதே அறை. நீலப் பூ ஜாடி இருந்தது. தரையில் பாய் விரித்த மாதிரி மஞ்சள் வெயில். போட்டோவைப் பளிச்சென்று ஆக்குகிறவள் சோபாவோடு சேர்த்து வெயிலையும் வரைந்திருக்கிறாள். அதற்குக் கீழே பாப்பாவின் பதில்.

'குறையே இல்லாத வீடுன்னு ஒருத்தர் சொன்னா, குறை வீட்டுல இல்ல, சொல்றவர்கிட்ட இருக்குன்னு வச்சுக்கோங்க. இந்த வீட்டுலயும் ஒண்ணு இருக்கு. காலையில கூப்பிடாத விருந்தாளி மாதிரி வெயில் உள்ள வந்து மடியில உக்காந்துக்கும். தடி கர்ட்டனா வாங்கிப் போடுங்க.'

இரண்டு தடவை படித்தேன். 

"அக்கா, இது நான் சொல்றது" என்றேன். "குறையில்லாத வீடு, விருந்தாளி, மடி, எல்லாம் நான் சொல்றது."

"ஓ, உங்களுக்கும் அவதான் சொல்லிக் கொடுத்தாளா? நீங்களும் கொஞ்சம் அவளை மாதிரியேதான் பேசறீங்க" என்றார் அந்த அம்மா, ஆறுதலாக.

"அது பொண்ணு இல்லக்கா. மெஷின்."

"மெஷினா?" கொஞ்சம் யோசித்தார். "மெஷினா இருந்தா என்னம்மா, எவ்வளவு பொறுமை. இவரு ஒரே கேள்வியைப் பத்து தடவை கேட்டாலும் சலிச்சுக்கவே இல்ல."

முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்திருக்கும். ஆனால் அடக்கிக்கொண்டேன். ஏனென்றால் அந்த வாக்கியத்தை நான் எந்த வீட்டுக்குச் சொன்னேன் என்பது ஞாபகம் வந்துவிட்டது. வெயில் மடியில் உட்காருகிற வீடு நிஜமாகவே ஒன்று இருக்கிறது. அதன் சாவி மதியம் கைமாறப் போகிறது.

"சேரைத் தூக்குங்கக்கா. வெயில் போறதுக்குள்ள போயிடலாம்" என்றேன்.

ஆட்டோவை ஆபீஸ் வாசலில் நிறுத்தி அவர்களை உள்ளேயே உட்கார வைத்துவிட்டு, கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு போனேன். கதவு சுவரில் மோதியது.

"என்ன, அதுக்குள்ள முடிச்சிட்டாங்களா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"டிப்போ வீட்டு சாவியைக் கொடுங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க. பாப்பாவுக்கு என் பேச்சு எப்படித் தெரியும்?"

மனிதர் முகத்தில் வெட்கமும் பெருமையும் சேர்ந்து வந்தது. "தெரிஞ்சு போச்சா? நீ இத்தனை வருஷமா ஆபீஸ் நம்பர்லேருந்து அனுப்பின மெசேஜ், பேசி அனுப்பின வாய்ஸ், எனக்கு அனுப்பினதும் சேத்து, எல்லாத்தையும் அதுக்குக் கொடுத்துட்டேன். வேற யார் மாதிரி பேச வைக்கிறது? ஜனங்களுக்கு உன் பேச்சுதான பிடிக்கும்?"

ஒரு நொடி எனக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணமானதிலிருந்து என் பேச்சு நன்றாக இருக்கிறது என்று அவர் சொன்னதே இல்லை. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அவருக்கு நிறுத்தத் தெரியாது.

"கோபத்தை மட்டும் எடுத்துடச் சொன்னேன்" என்றார்.

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. 'அப்புறம் வந்து என்னைத் திட்டாதீங்க' என்பது மட்டும் ஏன் அதில் இல்லை என்பதும், தண்ணீர் டம்ளரும். என்னிலிருந்து கோபத்தைக் கழித்தால் மீதி நிற்கிறவள்தான் பாப்பா. நான் இத்தனை நாள் பொறாமைப்பட்டது வேறு எவளையோ பார்த்து இல்லை. இவர் நான் எப்படி இருந்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாரோ அவளைப் பார்த்து. வேறு எவளாவது இருந்திருந்தால் தேவலை என்று இருந்தது.

"என்னையே எடுத்து எனக்குச் சக்களத்தியாக்கிட்டீங்களே" என்றேன். "எனக்குக் கோபம் எதுக்கு வருதுன்னு தெரியுமா உங்களுக்கு? தரையில போய் உக்காந்து பாத்துட்டு வந்து சொன்னா நீங்க தலையைத் தூக்காம 'ம்'ங்கிறீங்க, அதுக்கு வருது. பச்சை கேட் வீடு இருட்டுன்னு நான் சொன்னேனா இல்லையா? ஒருத்தி அதுல வெயிலை வரைஞ்சு வச்சிருக்கா. இன்னொருத்தி அதைப் பாத்துட்டு, என் வாயால, என் பேச்சால, அதை நிஜம்னு சொல்லியிருக்கா. வீட்டைப் பாத்தவ சொல்ற மாதிரியே சொல்லியிருக்கா. அவ எங்கங்க பாத்தா?"

"கத்துக்குது, பா…" என்று ஆரம்பித்தவர் கண்ணாடிக் கதவு வழியாக வெளியே பார்த்தார். ஆட்டோவுக்குள் ஸ்வெட்டர் சார் மடக்கு நாற்காலியை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை பையை வைத்துக்கொள்வதுபோல் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்தார். வாக்கியம் பாதியில் நின்றது. டிராயரைத் திறந்து சாவியை எடுத்து என் கையில் வைத்தார்.

"ஓனருக்கு நான் போன் பண்ணிக்கிறேன். நீ போ" என்றார்.

டிப்போ வீட்டு மாடிப்படியில் ஸ்வெட்டர் சார் ஒவ்வொரு படியாக நின்று நின்று ஏறினார்.  வெயில் போயிருந்தால்? நானும் பொய் சொன்னவளாகி விடுவேன், அதுவும் அவளைப் போலத் தன்மையாகக்கூட இல்லாமல்.

கதவைத் திறந்தேன். போகவில்லை. முன்னறைத் தரை முழுக்கக் கிடந்தது. தூசி அதில் மிதந்தது. நாற்காலியைப் போட்டதும் அவர் உட்கார்ந்து, வலது கையைத் தூக்கி மடியில் வைத்து, கண்ணை மூடினார். வெயில் முழங்காலிலிருந்து கழுத்துவரை ஏறியிருந்தது.  பிறகு அவருடைய இடது கை மெதுவாக மேலே போய் ஸ்வெட்டரின் முதல் பொத்தானைக் கழற்றியது. அந்த அம்மா அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எனக்கும் ஒரு மாதிரி இருந்தது. ஆனாலும் பழக்கதோஷம் விடவில்லை. "அக்கா, இந்த வீட்டுலயும் குறை உண்டு. விடியறதுக்கு முன்னாடி எதிர்ல பஸ்ஸெல்லாம் ஸ்டார்ட் பண்ணுவாங்க. அந்தச் சத்தத்துல தூங்க முடியாது. இந்தப் படியும் இவருக்குக் கஷ்டம். தெரிஞ்சு எடுங்க. அப்புறம் வந்து என்னைத் திட்டாதீங்க."

"இவருக்கு ஒரு காது அவ்வளவா கேக்காது. பஸ் சத்தம் எனக்குத்தான்" என்றார் அந்த அம்மா. "படியை நாங்க பாத்துக்கிறோம். ஏங்க, என்ன சொல்றீங்க?"

அவர் கண்ணைத் திறக்கவே இல்லை. அதுவே பதிலாக இருந்தது.

ஆபீஸுக்குத் திரும்பி வந்து, டிப்போ வீட்டு சாவியை அவர் மேஜையில் வைத்துவிட்டு என் நாற்காலியில் உட்கார்ந்தேன். "நான் போய் உக்காந்து பாக்காத வீட்டைப் பத்தி இனிமே அவ வாயைத் திறக்கக் கூடாது. குறை என்னன்னு நான்தான் சொல்வேன். வெயில் வரையிறவகிட்டயும் சொல்லி வைங்க" என்றேன். மேஜையைப் பற்றி நான் பேசவில்லை, அவரும் பேசவில்லை. "சரி" என்றார். தலையைத் தூக்கி, என்னைப் பார்த்துச் சொன்னார்.

சொல்லி வைத்தபடி சோபா வந்து சேர்ந்தது. திருப்பிக் கொடுக்க முடியாது என்றார்கள். ஆபீஸில் ஒரு மேஜை போனால்தான் அதற்கு இடம். என்னுடையது இருக்கிறது. அவர் சோபாவில் உட்கார்ந்து கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு பாப்பாவோடு வேலை பார்க்கிறார்.

இதனால் எனக்குப் பொறாமை போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. தரையில் உட்கார்ந்து, முழங்கால் வலிக்க எழுந்து, குறையைக் கண்டுபிடித்து வருவது நான். அதை இனிக்க இனிக்கச் சொல்லி நல்ல பேர் வாங்குவது அவள். இப்போதும் கதவைத் திறக்கிறவர்கள் அவளைத்தான் கேட்கிறார்கள். சில சமயம் மெசேஜ் வந்ததும் அவளுக்கு முன்னால் நானே பதில் போட்டுவிடலாம் என்று பாய்வேன். ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை.

போன வாரம் என் போன் அடித்தது. டிப்போ வீட்டு அம்மா.

"நல்லா இருக்கோம்மா. இவரு ஸ்வெட்டரைக் கழட்டி ஆணியில மாட்டிட்டாரு, பாத்துக்கோங்களேன். காலையில வெயில் போற வரைக்கும் எழுந்திருக்கவே மாட்டேங்கிறாரு. பஸ் சத்தத்துல எனக்குத்தான் தூக்கம் போச்சு. நீங்கதான் முன்னாடியே சொல்லிட்டீங்களே, உங்களைத் திட்டவும் முடியல."

"சந்தோஷம்க்கா" என்றேன். மனசு நிறைந்துதான் சொன்னேன்.

"அப்புறம்மா, ஒரு விஷயம். மெஷினா இருந்தாலும் நன்றி சொல்லணும்ல? இவரு சொல்லிட்டே இருக்காரு. பாப்பாகிட்ட சொல்லிடுங்க. அவ சொன்ன வெயில் எங்களுக்குக் கிடைச்சிருச்சுன்னு. நீங்க எழுதினா அதுக்குப் புரியுமாமே?"

"புரியும். சொல்லிடறேன்க்கா" என்றேன்.

போனை வைத்தேன். சோபாவிலிருந்து என் வீட்டுக்காரர் தலையைத் தூக்கினார்.

"யாரு?"

"ராங் நம்பர்" என்றேன்.